வெள்ளம் வடிந்தது, ஓலை வந்தது!

வெள்ளம் வந்தது, கண்டோம். வெள்ளம் வடிந்தது, அதையும் கண்டோம். வந்தபோது ஏடுகள் எழுதின, வானொலி அலறியது, தொலைக்காட்சி துடித்தது. வடிந்த பிறகோ, "இயல்பு வாழ்க்கை திரும்பியது" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டனர்.

இயல்பு வாழ்க்கையாம்! எவருடைய இயல்பு? எவருடைய வாழ்க்கை? சாலையில் பேருந்து ஓடிவிட்டால் இயல்பா? கம்பியில் மின்சாரம் ஏறிவிட்டால் வாழ்க்கையா? அடுப்பில் உலை ஏறியதா, அடகுக்கடைக்குப் போன தோடு திரும்பியதா, நாற்று நட்ட கைக்கு நாட்கூலி கிடைத்ததா என்று கேட்டுவிட்டல்லவா அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும்!

தோழர்களே! வெள்ளத்தின் கணக்கு நீர் ஏறும்போது தொடங்குவதில்லை. நீர் இறங்கிய பின்புதான் தொடங்குகிறது. அந்தக் கணக்கை யார் எழுதுகிறார்கள், எவன் பெயரைச் சேர்க்கிறார்கள், எவன் பெயரை விட்டுவிடுகிறார்கள் என்பதில்தான் ஏழையின் அடுத்த பத்தாண்டு அடங்கியிருக்கிறது. திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தை எடுத்துக்கொண்டு இதை விளக்க விரும்புகிறோம்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த புயல் கடுகிச் செல்லவில்லை. கரையேறியதும் நின்றது, நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை! ஓராண்டில் பெய்ய வேண்டிய மழையில் ஏறக்குறையப் பாதி, ஒரு பகலும் ஒரு இரவும் சேர்வதற்குள் கொட்டிவிட்டது.

மேற்கேயும் மழை. தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை வழியே வரும் ஆறு. 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை நிரம்பி வழிந்தது. டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து வெளியேறிய நீர் நொடிக்கு 1,68,000 கன அடி! அந்த நீர் எங்கே போகும்? ஆறு கொண்ட மட்டும் ஆற்றில்; மிச்சம் ஊரில். திருவெண்ணெய்நல்லூர் வட்டாரம் நீரில் மிதந்தது. நீரற்றுக் கிடந்தே பழகிய மலட்டாற்றிலும் வெள்ளம் பொங்கியது. அரசூர்ப் பக்கம் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை மேல் ஆறு ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே இரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் பாய, தெற்கே போகும் இரயில்கள் நின்றன.

முதற்கட்டக் கணக்கை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார்: பாதிக்கப்பட்ட குடும்பங்கள் 69 இலட்சம், மக்கள் ஒன்றரைக் கோடி, நீரில் மூழ்கிய வேளாண், தோட்டப்பயிர் நிலம் 2,11,139 எக்டேர், மாண்ட கால்நடை 963. சாலை எத்தனை கல், கம்பம் எத்தனை, மின்மாற்றி எத்தனை, அங்கன்வாடி எத்தனை என்று அந்தக் கணக்கு நீண்டது. அது அரசின் கணக்கு. எண்ணக் கூடியதை எண்ணிய கணக்கு. எண்ணப்படாதது என்ன என்று இனிப் பார்ப்போம்.

ஒரே வெள்ளந்தான், ஒரே மட்டந்தான். ஆனால் ஒரே இழப்பா?

கடைவீதியில் பெரிய மளிகைக்கடை நனைந்தது. உரிமையாளருக்கு வருத்தந்தான், ஆனால் சரக்குக்குக் காப்பீடு இருக்கலாம், வங்கியில் வரவுசெலவு இருக்கிறது, மொத்த வியாபாரி தவணை கொடுப்பார். மூன்று மாதத்தில் எழுந்துவிடுவார். பத்து ஏக்கர் பட்டாதாருக்குப் பயிர் போயிற்று. ஆனால் நிலம் அவர் பெயரில் இருக்கிறது. அடங்கலில் பெயர் இருக்கிறது. நிவாரணம் அவர் வங்கிக் கணக்கைத் தேடி வரும்.

அந்தப் பத்து ஏக்கரில் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து உழுதவன் இருக்கிறானே, அவன் பெயர் எங்கே? விதை அவன் வாங்கியது. உரம் அவன் கடனில் வந்தது. உழைப்பு அவனும் அவன் மனைவியும் தந்தது. குத்தகையோ வாய்மொழி. "பேசியது பேசியதுதான்" என்ற நம்பிக்கையே பத்திரம். பாசனப் பயிர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்தால் எக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஏக்கருக்கு ஏறத்தாழ 6,900. போட்ட முதலுக்கு அது ஈடாகாது. போகட்டும், கையில் வந்தால் அடுத்த விதைக்காவது ஆகும். ஆனால் யார் கையில் வரும்? அடங்கலில் எவன் பெயரோ அவன் கையில்! பயிர் ஒருவனுடையது, பணம் மற்றொருவனுக்கு. மனமிருந்தால் பட்டாதார் பிரித்துத் தருவார். மனமில்லையேல் "நிலம் என்னுடையது" என்பார். வழக்குப் போட ஏழைக்கு வக்கில்லை, வாய்தாவுக்குக் காசில்லை.

இந்த அநீதியைக் கழகம் அறியாததல்ல. 1969ஆம் ஆண்டிலேயே குத்தகைதாரர் உரிமைப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. உழுபவன் பெயர் ஏட்டில் ஏற வேண்டும் என்பதற்காகவே பிறந்த சட்டம் அது. சட்டம் ஏட்டில் ஏறியது. உழுபவன் பெயர்தான் இன்னமும் பல ஊர்களில் ஏறவில்லை. பதிவு செய்யப்போனால் அடுத்த ஆண்டு குத்தகை கிடைக்காதே என்ற அச்சம் அவனுக்கு.

இனி மூன்றாமவனைப் பாருங்கள். நிலமும் இல்லை, குத்தகையும் இல்லை, இரண்டு கை மட்டும் உள்ளவன். அவனுக்கு என்ன இழப்பு என்று கேட்டால், "அவனிடம் என்ன இருந்தது இழப்பதற்கு?" என்று அறிவாளிகள் கேட்பார்கள். ஐயா! அவனிடம் நாட்கள் இருந்தன! மார்கழியில் களையெடுக்கும் நாட்கள், தையில் அறுக்கும் நாட்கள், கட்டுச் சுமக்கும் நாட்கள், களத்துமேட்டில் தூற்றும் நாட்கள். பெரியசெவலையில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது, சுற்றுவட்டாரமெங்கும் கரும்பு. கரும்பு சாய்ந்தால் வெட்டுகிறவனுக்கு வேலை குறைகிறது, வண்டி ஓட்டுகிறவனுக்கு நடை குறைகிறது, வழியில் தேநீர்க் கடை வைத்திருப்பவளுக்குக் கல்லா குறைகிறது. வயலில் மணல் மேடிட்டுவிட்டால் ஒரு போகமல்ல, இரண்டு போகம் அங்கே நடவு இல்லை. நடவு இல்லையென்றால் நட்டுப் பிழைக்கும் பெண்ணுக்குக் கூலி இல்லை. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது ஊர்ச்சொல். அறுக்கப் பயிரில்லாத வயலில் எந்த வழி பிறக்கும்?

அரசு அறிவித்த நிவாரணப் பட்டியலைப் படித்தோம். மாண்ட மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, இடிந்த குடிசைக்கு 10,000, கோழி ஒன்றுக்கு 100. நல்லது. கோழி வளர்த்தவளும் ஏழைதான். அதற்கும் ஒரு விலை எழுதியதை வரவேற்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: கோழிக்குக் கணக்குண்டு, கூலிக்குக் கணக்கெங்கே?

விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் வெள்ளத்தால் வாழ்வாதாரம் இழந்த குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் தரப்பட்டது. அடுப்பெரிய அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அதை நாட்கூலியால் வகுத்துப் பாருங்கள். 2024-25இல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வகுத்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். அப்படியானால் 2,000 என்பது ஒருவரின் ஆறு நாள் கூலி. கணவனும் மனைவியும் உழைக்கும் வீட்டுக்கு மூன்று நாள். வெள்ளம் பறித்ததோ மூன்று மாத வேலை! மீதி நாட்களை அந்தக் குடும்பம் எப்படிக் கடந்தது? கடந்தது அல்ல தோழர்களே, கடன்பட்டது!

இந்த இடத்தில் திருவெண்ணெய்நல்லூரின் பழங்கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. பெரியபுராணத்தார் சொல்வது. கதை மெய்யா பொய்யா என்பது இன்று நமது வழக்கல்ல. கதையின் பொருள்தான் வழக்கு. சுந்தரருக்குத் திருமணம். முதியவர் ஒருவர் பந்தலுக்குள் நுழைகிறார். "இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு வருகிறது. கிழிந்தது படிதான்; மூல ஓலை இதோ என்று எடுத்துக் காட்டுகிறார் கிழவர். அவையோர் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, "பாட்டன் எழுதியது, பேரன் அடிமைதான்" என்று தீர்ப்பளிக்கிறார்கள். வந்தவர் கடவுள் என்று பக்தர்கள் கண்ணீர் மல்குவர். நாம் கேட்பது வேறு: பாட்டன் எழுதிய ஓலைக்குப் பேரன் அடிமையாவது எந்த நியாயம்?

அந்த ஓலை இன்றும் எழுதப்படுகிறது. ஓலையாக அல்ல, புரோநோட்டாக, வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்தாக, குழுக் கடனின் வாரத் தவணை அட்டையாக, நகைக்கடன் சீட்டாக! வெள்ளம் வடிந்த வாரம் வட்டிக்காரனுக்கு அறுவடைக் காலம். வீடு கழுவும்முன் கடன் வாங்க வேண்டும். பாய் வாங்க, பாத்திரம் வாங்க, பிள்ளையின் நனைந்த புத்தகத்துக்கு மாற்று வாங்க, சேறு புகுந்த மோட்டாருக்குச் சுருள் கட்ட! முதலில் தோடு போகும். பிறகு ஆடு போகும். பிறகு பள்ளிக்குப் போகும் பிள்ளை செங்கல் சூளைக்குப் போகும். பாட்டன் காலத்து வெள்ளத்துக்குப் பேரன் வட்டி கட்டுகிறான். ஆற்று வெள்ளத்துக்கு ஒரு கரை உண்டு. வட்டி வெள்ளத்துக்குக் கரை ஏது?

வயநாட்டைப் பாருங்கள். 2024 ஜூலை 30 அன்று முண்டக்கையையும் சூரல்மலையையும் மலைச்சரிவு விழுங்கியது. உயிர் தப்பியவர்களின் வங்கிக் கணக்கில் கேரள அரசு நிவாரணம் போட்டது. அந்தப் பணத்திலிருந்தே பழைய கடனின் தவணையைப் பிடித்துக்கொண்டது ஒரு வங்கி! மக்கள் கொதித்தெழுந்த பின்தான் திருப்பிக் கொடுத்தது. கடனைத் தள்ளக் கூடாதா என்று கேரள உயர்நீதிமன்றம் கேட்டது. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கடும் பேரிடரில் கடனைத் திருப்பிச் செலுத்துவதில் சலுகை தரப் பரிந்துரைக்க இடம் தந்தது. டில்லி என்ன சொல்லிற்று தெரியுமா? "அந்தப் பிரிவே இப்போது இல்லை" என்றது! 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் அதை எடுத்தேவிட்டார்கள். ஓலையைக் கிழிக்க இருந்த ஒரே கத்தரிக்கோலையும் ஒளித்துவைத்தாயிற்று!

"எல்லாம் விதி, இயற்கைக்கு யார் என்ன செய்ய முடியும்?" என்பார் சிலர். புயலை விதி என்றே வைத்துக்கொள்வோம். பட்டினி விதியா?

வரலாறு என்ன சொல்கிறது? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் தின்றது. வானம் பொய்த்தது உண்மை. ஆனால் டில்லியிலிருந்து வந்த ரிச்சர்ட் டெம்பிள், பஞ்ச வேலை செய்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தாரே, அதுவும் வானத்தின் குற்றமா? அரைக் கிலோவுக்கும் குறைந்த தானியத்தில் மண்சுமப்பவன் வாழ முடியாது என்று டாக்டர் கார்னிஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரியே வாதாடினார். மரக்காணம் வரை வரும் பக்கிங்காம் கால்வாயில், அந்தப் பஞ்சத்து மக்கள் வயிற்றைக் கட்டிக்கொண்டு தோண்டிய பகுதியும் உண்டு.

1942 அக்டோபரில் வங்கத்து மிதினாப்பூரைப் புயல் தாக்கியது. அடுத்த ஆண்டு வங்கத்தில் பெரும் பஞ்சம், இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நெல் இல்லாததாலா? இல்லை என்றார் அமர்த்தியா சென், 1981இல் வெளியிட்ட ஆய்வில். பஞ்சமில்லாத 1941ஐ விட 1943இல் உணவு குறைந்துவிடவில்லை. அரிசி இருந்தது, அதை வாங்கக் கூலிக்காரனிடம் காசு இல்லை. விலை ஏறியது, வேலை குறைந்தது, முதலில் விழுந்தவன் விவசாயக் கூலி. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அந்த அறிஞர் நூல் எழுதிச் சொன்னதை நம் திருவெண்ணெய்நல்லூர்க் கூலித் தோழர் ஒரே சொல்லில் சொல்வார்: "கடையிலே அரிசி இருக்கு, கையிலே காசில்லை!"

விதி என்று உட்காராதவர்களும் உலகில் உண்டு. 1953 பிப்ரவரி 1 அன்று நெதர்லாந்தில் கடல் புகுந்தது. 1,836 பேர் மாண்டனர். அந்நாட்டார் கடலுக்குப் பரிகாரம் செய்யவில்லை, கணக்குப் போட்டார்கள். நாற்பதாண்டுக்கு மேல் அரசுப் பணத்தைக் கொட்டி அணையும் தடுப்பும் கட்டினார்கள். கடலைவிடத் தாழ்ந்த நாடு தலைநிமிர்ந்து நிற்கிறது. அறிவுக்கு அணை கட்டத் தெரியும். ஆனால் அறிவுக்குப் பணம் வேண்டும். பணப்பெட்டியின் சாவி யாரிடம்?

டில்லியிடம்! ஃபெஞ்சலுக்கு உடனடியாக 2,000 கோடி கேட்டது தமிழ்நாடு. பின்பு முழு மதிப்பீடாக 6,675 கோடி கேட்டது. வந்தது என்ன? டிசம்பர் 6 அன்று 944 கோடியே 80 இலட்சம் ஒதுக்கினோம் என்று அறிவித்தார்கள். கைதட்டும் முன் கணக்கைப் பாருங்கள். மாநிலப் பேரிடர் நிதி என்பது ஆண்டுதோறும் நூற்றுக்கு 75 பங்கு டில்லியும் 25 பங்கு மாநிலமும் போடும் நிதி. அந்த ஆண்டுக்கு டில்லி போட வேண்டிய பங்கைத்தான் அன்று போட்டார்கள். புயல் வராவிட்டாலும் வரவேண்டிய பணம்! ஃபெஞ்சலுக்கென்று கூடுதலாக ஒப்புதல் வந்தது 2025 ஏப்ரலில். 522 கோடியே 34 இலட்சம். அதிலும் மாநில நிதியில் மிச்சமிருக்கும் தொகையில் பாதியைக் கழித்துக்கொள்வோம் என்ற நிபந்தனை. நான்கு மாதம் கழித்து வந்த நீர் நாற்றுக்கா, கருகிய வைக்கோலுக்கா? அதற்கு முந்தைய ஆண்டு, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலும் தென்மாவட்டப் பெருமழையும் தாக்கியபோது கேட்டது 37,907 கோடி. வந்தது 276 கோடி. அடங்கலில் பெயரில்லாக் குத்தகைக்காரன் பட்டாதாரிடம் கையேந்தி நிற்பதுபோல, வரி கொடுத்த மாநிலம் டில்லி வாசலில் நிற்கிறது. கொடுமை இரண்டானாலும் வேர் ஒன்றுதான்: இழந்தவன் கையில் கணக்கேடு இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறோம். 2024 டிசம்பர் 3 அன்று, திருவெண்ணெய்நல்லூரை அடுத்த இருவேல்பட்டில், வெள்ளச் சேதம் பார்க்கச் சென்ற அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. மாற்றுக் கட்சியின் சூழ்ச்சி என்றார் சிலர். இருக்கலாம். சேற்றை வீசிய கை எந்தக் கட்சிக் கை என்று துப்புத் துலக்குவது காவல்துறையின் வேலை. சேறு ஏன் அந்த வீட்டுக்குள் கிடந்தது, ஏன் மக்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள் என்று துலக்குவது நமது வேலை! கழகம் கோட்டையில் பிறக்கவில்லை, தெருவில் பிறந்தது. கூரையும் கூலியும் போனவன் கோபப்படுவான். அந்தக் கோபத்தைக் கேட்கும் காது உள்ளவனே கழகத் தோழன்.

திருவெண்ணெய்நல்லூர் என்றதும் சடையப்ப வள்ளலை நினைப்பார்கள். கம்பருக்குச் சோறிட்ட கை என்பார்கள். அந்தக் கையை நாம் பழிக்கவில்லை. ஆனால் வள்ளல் இருக்கும் ஊரில் வறியவன் இருந்தே தீரவேண்டும். கொடுக்கும் கை மேலே என்றால் ஏந்தும் கை கீழே. வெள்ளத்தில் வேலை இழந்தவன் கேட்பது வள்ளலின் பிச்சையல்ல, வகுத்த உரிமை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவே, உயிரிழப்புக்கும் வீட்டிழப்புக்கும் மட்டுமல்ல, வாழ்க்கைத் தொழிலை மீட்டெடுக்கவும் உதவிக்கு அளவு வகுக்க வேண்டும் என்கிறது. கூலி வேலை வாழ்க்கைத் தொழில் இல்லையா?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. வெள்ளம் என்று அரசு அறிவித்த ஊரில், இழந்த வேலை நாட்களை எண்ணிக் கூலியாகத் தர வேண்டும். கோழிக்கு ஒரு வரி இருக்கும் பட்டியலில் கூலிக்கு ஒரு வரி வேண்டும். பயிர் நிவாரணம் உழுதவன் கைக்குப் போக வேண்டும். அதற்கு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குத்தகைப் பதிவை அதிகாரிகள் ஊர் ஊராக வந்து நடத்த வேண்டும். வெள்ள ஊரில் ஏழையின் கடனுக்கு வட்டி ஓடக் கூடாது. டில்லி எடுத்தெறிந்த 13ஆம் பிரிவு திரும்ப வேண்டும்.

கோரிக்கை எழுதிவிட்டால் போதாது தோழர்களே! கணக்கேடு நம் கையில் இல்லை என்றோமே, அதை நாமே எழுதத் தொடங்குவோம். கிளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் முன்பு, நம் தெருவில் எவன் எவனுடைய நிலத்தை உழுகிறான், எந்த வீட்டில் எத்தனை பேர் கூலிக்குப் போகிறார்கள், எந்த வீட்டில் என்ன வட்டிக்குக் கடன் இருக்கிறது என்று எழுதுங்கள். மழைக்குப் பின்பு, எத்தனை நாள் வேலை போயிற்று, எதை அடகு வைத்தார்கள், எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்று எழுதுங்கள். கட்சி பார்த்து எழுதாதீர்கள். வெள்ளம் கட்சி பார்த்து வரவில்லை. படிப்பகத்துப் பலகையில் ஒட்டுங்கள். கிராம சபையில் படியுங்கள். வட்டாட்சியர் மேசையில் வையுங்கள். நம் ஆட்சியாக இருந்தாலும் வையுங்கள், மாற்றார் ஆட்சியாக இருந்தாலும் வையுங்கள்.

எண்ணப்படாதவனை எண்ண வைப்பதற்காகத் தோன்றியதே இந்த இயக்கம். கூலிக்காரன் இழந்த ஒவ்வொரு நாளும் ஏட்டில் ஏறட்டும்!